டப்பா நிறைந்திருந்தால் பிரேக் பிடித்துவிடாது

"பிரேக் ஆயில் லெவல் கரெக்டா இருக்கு சார், அதையெல்லாம் மாத்தத் தேவையே இல்ல." சிறிய கார் வைத்திருக்கும் யாரும் இதைக் கேட்டிருப்பார்கள். பட்டறை மெக்கானிக் சொல்வார், இருபது வருடமாக வண்டி ஓட்டும் மாமா சொல்வார், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். கூடவே இன்னொன்றும் வரும்: "மாத்தச் சொல்றது பில்லை ஏத்தறதுக்கு. எஞ்சின் ஆயில் தேயும், மாத்தணும். இது டப்பாவுக்குள்ள சும்மா கெடக்கறதுதானே?"

நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் பேச்சுதான். ஆனால் கிட்டத்தட்ட முழுவதும் தவறு. நம் ஊரில் கார்களின் எண்ணிக்கையும், குடும்பத்தோடு மலையேறும் வழக்கமும் கூடிவரும் நேரத்தில் இது ஆபத்தான தவறும்கூட. அதனால்தான் ஒவ்வொரு வாதமாக எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த லெவல். பானெட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்கம், ஃபயர்வாலை ஒட்டி, வெள்ளை பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கும். பக்கவாட்டில் மேக்ஸ், மின் என்று இரண்டு கோடுகள். இரண்டுக்கும் நடுவே ஆயில் நின்றால் எல்லாம் நலம் என்று மூடிவிடுகிறோம். அந்தக் கோடு உண்மையில் நமக்கு முதலில் சொல்வது இதைத்தான்: சக்கரத்தில் இருக்கும் பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது. பேட் தேயத் தேய, அதை அழுத்தும் கேலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் அந்த இடைவெளியை ஈடுகட்ட வெளியே நகர்கிறது. பிஸ்டன் காலி செய்த இடத்தை ஆயில் நிரப்புகிறது. அதனால் டப்பாவில் மட்டம் மெல்ல இறங்குகிறது. நல்ல நிலையில் இருக்கும் வண்டியில் மட்டம் இறங்குவதற்கு இதுதான் காரணம். இதைத் தாண்டி, சீக்கிரமாக இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பேட்டைப் பார்க்க வேண்டும், அல்லது கசிவைத் தேட வேண்டும்.

இந்த இரண்டு எச்சரிக்கைகளையும் ஒரே நொடியில் அழித்துவிடுகிறது டாப் அப். மட்டம் இறங்கியதும் கொஞ்சம் ஊற்றி நிரப்பிவிட்டால் பேட் தேய்ந்ததும் தெரியாது, வீல் சிலிண்டர் கசிவதும் தெரியாது. பிறகு புதுப் பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள். ஏற்கெனவே விளிம்பு வரை நிரப்பி வைத்த ஆயில் பொங்கி வழியும். அது பெயின்டைத் தின்றுவிடும் திரவம். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவாவிட்டால் அந்த இடத்தில் பெயின்ட் உரிந்து, தகடு தெரியும்.

அளவைப் பற்றி இவ்வளவு போதும். இந்த ஆயிலின் தரம் என்பது அது எந்த வெப்பத்தில் கொதிக்கிறது என்பது. பெடலை மிதித்தால் அந்த அழுத்தம் குழாய் வழியே நான்கு சக்கரங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். திரவம் அமுங்காது, ஆகவே போய்ச் சேருகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதிதான். ஆனால் அந்தத் திரவம் எங்காவது ஓரிடத்தில் கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கும். நாம் மிதிக்கிற மிதி முழுவதும் அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் ஒரு மிதிக்குத் தள்ளுவது சில மில்லி லிட்டர்தான். அந்த அளவுக்கு ஆவி சேர்ந்தால் போதும், பெடல் தரையில் போய் முட்டும், வண்டி நிற்காது.

இதனால்தான் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை டாட் 3, டாட் 4 என்று தரம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சக் கொதிநிலை இரண்டை விதித்திருக்கிறது. டாட் 3 என்றால் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரி. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. ஈரம் ஏறியது என்று அவர்கள் கணக்கிடுவது வெறும் 3.7 சதவீதத் தண்ணீரை. அரை லிட்டர் ஆயிலில் நான்கு தேக்கரண்டிக்கும் குறைவு. அவ்வளவு தண்ணீருக்கே 65, 75 டிகிரி பறிபோகிறது. டப்பாவின் மட்டமோ அப்போதும் மேக்ஸ் கோட்டில்தான் நிற்கும்.

"சீல் பண்ணின சிஸ்டத்துக்குள்ள தண்ணி எப்படிப் போகும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அது முழுக்க மூடிய அமைப்பு அல்ல. மட்டம் இறங்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகாமல் இருக்க, டப்பா மூடியில் காற்று போய்வர வழி வைத்திருக்கிறார்கள். சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களின் சுவரையே ஊடுருவி ஈரம் வருகிறது. மூடியைத் திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வருகிறது. ஆயிலின் அடிப்படைப் பொருளான கிளைகால் ஈதர் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் அந்த ஈரத்துக்குப் பஞ்சமா?

அப்படியானால் தண்ணீரை இழுக்காத ஒன்றைச் செய்திருக்கக் கூடாதா? செய்திருக்கிறார்கள். டாட் 5 என்ற சிலிக்கோன் திரவம் ஈரத்தை இழுக்காது. ஆனால் உள்ளே புகுந்த தண்ணீர் அதோடு கலக்காமல், துளித் துளியாகத் தாழ்வான இடத்தில், அதாவது கேலிப்பரில் போய்த் தங்கும். அங்கே துருப்பிடிக்க வைக்கும். 100 டிகிரியிலேயே கொதிக்கும். டாட் 5 ஏபிஎஸ் வண்டிக்கும் ஒத்துவராது. தண்ணீரைத் தனியே தேங்கவிடாமல் தனக்குள் பரவ விட்டு, கொதிநிலை மெல்ல மெல்ல இறங்கும்படி செய்வது கிளைகால் திரவத்தின் நல்ல குணம். மெல்ல இறங்கும் கால அவகாசத்துக்குள் நாம் அதை மாற்றிவிடுவோம் என்று நம்பித்தான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டில் தன் பங்கைச் செய்யாதது நாம்தான். (டாட் 5.1 என்பது வேறு. அது கிளைகால் வகை. பெயர் ஒற்றுமையை நம்பி வாங்கிவிடக் கூடாது.)

இனி மலைக்குப் போவோம். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். குறுகிய தூரத்துக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். நான்கு பேரும் பைகளுமாக ஒரு சின்ன கார் சுமார் 1,000 கிலோ இருக்கும். அதை 1,000 மீட்டர் கீழே இறக்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ ஒரு கோடி ஜூல். நம் ஊர்ச் சூட்டில் இருக்கும் 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். கியரில் இறங்கினால் இதில் பெரும்பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கினால், அல்லது ஏஎம்டி வண்டியை டி-யிலேயே போட்டுவிட்டு மறந்துபோனால், சூட்டில் பெரும்பங்கு முன்சக்கரங்களில் இருக்கும் உள்ளங்கை அளவுப் பேட்களின் மேல்தான் விழும். டிஸ்க் 300 டிகிரியைத் தாண்டுவது அரிதல்ல. இன்னும் சிலர் எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிறார்கள். அப்போது பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்காது, சில மிதிகளுக்குள் பெடல் கல்லாகிவிடும். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் மலைப்பாதையில் கிடையாது.

பாதி வழியில் டீக்கடையில் நிறுத்துகிறார்கள். ஓடும்போது டிஸ்க்கின் மேல் பட்டுக்கொண்டிருந்த காற்று இப்போது இல்லை. டிஸ்க்கின் சூடு பேட் வழியாக, பிஸ்டன் வழியாக, கேலிப்பருக்குள் நிற்கும் ஆயிலுக்கு ஏறுகிறது. ஐந்தாறு வருட ஆயில் என்றால் அங்கேதான் அது கொதிக்கத் தொடங்கும். டீ குடித்து முடித்து வண்டியை எடுக்கிறார்கள். அடுத்த வளைவில் பெடல் பொதபொதவென்று உள்ளே போகிறது. இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால் சிலருக்குக் கொஞ்சம் பிடிக்கும். சிலருக்கு அந்த அவகாசம் இருக்காது.

இந்தத் தவறான நம்பிக்கை இத்தனை காலம் உயிரோடு இருப்பதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. வண்டி எப்படியோ ஓரங்கட்டப்படுகிறது. ஒரு மணி நேரம் ஆறுகிறது. ஆவி மறுபடியும் திரவமாகிவிடுகிறது. அடிவாரத்தில் மெக்கானிக் வந்து மிதித்துப் பார்த்தால் பெடல் கெட்டியாக நிற்கும், டப்பாவில் மட்டம் சரியாக இருக்கும், எங்கும் கசிவு இருக்காது. "வண்டியில ஒண்ணும் ப்ராப்ளம் இல்லண்ணே, உங்களுக்கு மலையில ஓட்டிப் பழக்கம் இல்ல" என்பார். தடயமே இல்லாமல் போய்விடும் கோளாறு இது. அதனால் பழி எப்போதும் ஓட்டுநர் மேலேயே விழுகிறது, ஆயில் ஒருபோதும் குற்றவாளிக் கூண்டில் ஏறுவதில்லை.

"நான் மலைக்கே போறதில்ல. வீட்டிலிருந்து கோயில், கோயிலிலிருந்து வீடு. வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாது." பணி ஓய்வு பெற்றவர்கள் அடிக்கடி சொல்லும் வாதம். ஓட்டத்தால் கெடும் பொருளுக்கு இது பொருந்தும். பிரேக் ஆயில் காலத்தால் கெடுவது. ஷெட்டில் துணி போர்த்தி நிற்கும் வண்டியிலும் ஹோஸ் வழியே ஈரம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். கொதிநிலை மட்டும் விஷயமல்ல. ஆயிலில் துருவைத் தடுக்கும் சேர்மானங்கள் உண்டு, அவை காலப்போக்கில் தீர்ந்துபோகும். பிறகு மாஸ்டர் சிலிண்டரின் உட்சுவர், பின்சக்கர வீல் சிலிண்டர், கேலிப்பர் பிஸ்டன் எல்லாம் உள்ளுக்குள்ளேயே அரிக்கத் தொடங்கும். ஓடாத வண்டியில் பிஸ்டன் ஒரே இடத்தில் நின்று இறுகிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்து வண்டி இழுப்பது பெரும்பாலும் இப்படித் தொடங்குவதுதான்.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்பனையாகும் எல்லாப் புதிய கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம். சின்ன காருக்கும் சேர்த்துத்தான். அந்த ஏபிஎஸ் பெட்டிக்குள் நுண்ணிய வால்வுகள் வழியாக ஓடுவதும் இதே ஆயில்தான். அங்கே துருவும் கசடும் சேர்ந்தால் பெட்டியையே மாற்ற வேண்டியிருக்கும். செலவு பல்லாயிரக் கணக்கில் போகும். பழைய மாருதி 800 காலத்து வழக்கத்தை இன்றைய வண்டிக்குப் பொருத்தி, "நாங்க பத்து வருஷம் மாத்தாம ஓட்டினோம்" என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அடுத்தது பட்டறைகளில் கேட்கும் வாதம்: "நல்லா இருந்த பிரேக்கு சார். ஆயில் மாத்தினதும் பெடல் எறங்கிடுச்சு. அதான் தொடவே கூடாதுங்கறது." அனுபவத்திலிருந்து வரும் பேச்சு என்பதால் இதை மதிக்கிறேன். நடந்தது உண்மை, சொல்லும் காரணம்தான் தவறு. தினசரி ஓட்டத்தில் பெடல் பாதி தூரம்கூட இறங்காது. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனும் அந்தப் பாதி தூரத்திலேயே போய்வந்து அந்த இடத்தை வழவழப்பாக வைத்திருக்கும். மீதிப் பாதியில் வருடக் கணக்கில் துருவும் கசடும் படிந்திருக்கும். பழைய ஆயிலை வெளியேற்ற பிளீடிங் செய்யும்போது பெடலை அடிவரை மிதித்தால் ரப்பர் சீல் அந்தச் சொரசொரப்பின் மேல் ஏறி இறங்கிக் கிழியும். கிழித்தது புது ஆயில் அல்ல, மாற்றாமல் விட்ட பழைய ஆயில் உண்டாக்கிய துரு. அதே துரு இருக்கும் வண்டியில், லாரிக்குப் பின்னால் அவசரமாகப் பெடலை அடிவரை மிதிக்கும் நாளிலும் இதேதான் நடக்கும். பட்டறையில் கிழிந்தது அதிர்ஷ்டம். பழைய வண்டியாக இருந்தால் பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்து முழுக்க இறங்காமல் தடுப்பது நல்ல மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த முறை.

கோவையில் ஒரு சாலையோரப் பட்டறையில் பத்து வருடக் கார் ஒன்றுக்கு இந்த வேலை நடந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். டப்பாவில் இருந்த ஆயில் பார்க்கத் தேன் நிறத்தில் பளிச்சென்று இருந்தது, அவ்வப்போது டாப் அப் செய்திருக்கிறார்கள். பின் இடது சக்கரத்தில், ஆயிலை வெளியே விடும் நிப்பிளில் மெல்லிய டியூபை மாட்டி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டார் மெக்கானிக். "அமுத்து... அமுத்து... அப்படியே புடி." சீட்டிலிருந்து "புடிச்சிருக்கேண்ணா" என்று குரல். ஸ்பேனரை அரைச் சுற்று திருப்பியதும் டியூபில் வந்தது கறுப்பு. டிகாக்‌ஷன் மாதிரிக் கறுப்பு, நடுவே பொடிப்பொடியாக ரப்பர் துகள். திருப்பித் திருப்பி மிதித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பழுப்பாகி, பிறகு வெளிறி, கடைசியில் பாட்டிலில் இருக்கும் புது நிறம் வந்தது.

டாப் அப் ஏன் பயனற்றது என்பதை அந்த டியூப் கண்ணெதிரே காட்டிவிட்டது. எஞ்சின் ஆயில் பம்ப்பால் சுற்றிவரும், ரேடியேட்டர் தண்ணீரும் சுற்றிவரும். பிரேக் ஆயில் சுற்றாது. மிதித்தால் துளி முன்னே நகரும், விட்டால் அந்தத் துளி திரும்பி வரும். மிக அதிகச் சூடு படும் கேலிப்பரில் இருப்பது, பெரும்பாலும் கடைசியாக நிப்பிளைத் திறந்த அன்று போய்ச் சேர்ந்த ஆயில்தான். மேலே எத்தனை முறை புதிதாக ஊற்றினாலும் அங்கே அது போய்ச் சேராது. டப்பாவைப் பார்த்து ஆயில் சுத்தமாக இருக்கிறது என்பவர், மொட்டை மாடித் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சாக்கடை சுத்தமாக இருக்கிறது என்கிறார்.

நிறத்தை நம்புவதும் பிழை. கறுத்திருந்தால் ரப்பரும் உலோகமும் கலந்திருக்கிறது என்று தெரியும். வெளுத்திருந்தால் தண்ணீர் இல்லை என்று தெரியாது, ஏனென்றால் தண்ணீருக்கு நிறமில்லை. பேனா மாதிரி டெஸ்டரை டப்பாவில் முக்கிப் பச்சை விளக்கு காட்டுவதும் டப்பாவின் கதையைத்தான் சொல்லும். அதைவிட நாட்கணக்கு நம்பகமானது.

படித்தவர்கள் எடுத்துவைக்கும் வலுவான வாதம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் சில கார் நிறுவனங்கள் பிரேக் ஆயிலுக்குக் கால வரையறையே தருவதில்லை, பார்த்துக்கொள்ளச் சொல்வதோடு சரி. அங்கே தேவையில்லாதது இங்கே எதற்கு? உண்மைதான், எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி சொல்வதில்லை. ஆனால் ஃபோக்ஸ்வாகன் முதல் முறை மூன்று வருடத்தில், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று சொல்கிறது. இந்தியாவில் விற்கும் பல சிறிய கார்களின் கையேட்டில் இரண்டு வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர் என்பதை ஒட்டித்தான் போட்டிருக்கிறார்கள். வருடத்தில் பல மாதங்கள் வியர்வை காயாத ஊரில், ஐந்து பேர் சீட்டில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் போகும் நாம், வறண்ட சமவெளி நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியின் சலுகையைக் கேட்கலாமா? நம் வண்டியோடு நம் மொழியிலோ ஆங்கிலத்திலோ ஒரு கையேடு வந்திருக்கிறது. அதைத் திறந்து பார்த்தாலே இந்தச் சண்டை முடிந்துவிடும்.

பில்லை ஏற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டில் மட்டும் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அநியாயம். அதைவிட மோசமானது, மாற்றியதாகப் பில் போட்டுவிட்டு டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சி எடுத்துப் புதிதை ஊற்றி அனுப்புவது. அது ஏமாற்று வேலை, அதுவும் உயிரோடு விளையாடும் ஏமாற்று வேலை. இதற்கு மருந்து ஆயிலை மாற்றாமல் இருப்பதல்ல, நின்று பார்ப்பது. மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ அச்சாகியிருக்கும், அந்த வகைதானா என்று பாருங்கள். சீல் உடையாத பாட்டிலை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். அலமாரியில் பாதி மீதியாக மாதக் கணக்கில் நின்ற பாட்டில் வேண்டாம், அது அங்கேயே ஈரம் குடித்திருக்கும். எஞ்சின் ஆயில் ஊற்றிய புனலைக் கிட்டே கொண்டுவர விடாதீர்கள். கொஞ்சம் எஞ்சின் ஆயில் உள்ளே போனாலே எல்லா ரப்பர் சீலும் ஊதிப்போய், மாஸ்டர் சிலிண்டர் கிட்டிலிருந்து ஹோஸ் வரை மாற்ற வேண்டி வரும். நான்கு சக்கரத்திலும் நிப்பிள் திறக்கப்பட வேண்டும், நான்கிலும் புது நிறம் வர வேண்டும்.

சிறிய காருக்கு ஒரு லிட்டர் ஆயில் தாராளமாகப் போதும். அரை லிட்டர் பாட்டில் சில நூறு ரூபாய்தான். கூலியும் சேர்த்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆகும் இந்தச் செலவு ஒரு முறை டேங்க் நிரப்பும் காசைவிடக் குறைவு. சீட் கவருக்கும் ஸ்பீக்கருக்கும் யோசிக்காமல் கொடுப்பவர்கள் இதற்கு மட்டும் கணக்குப் பார்ப்பது எனக்கு விளங்கவே இல்லை.

நமக்காக வேறு யாரும் இதைப் பார்க்கப் போவதில்லை. டாக்சிக்காவது எஃப்சி எனும் தகுதிச் சான்று உண்டு. சொந்தக் காருக்குப் பதிவு செய்த நாளிலிருந்து 15 வருடம் யாரும் பிரேக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. புகைச் சான்றிதழ் கேட்பார்கள், இன்சூரன்ஸ் கேட்பார்கள், பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று எந்தச் சோதனைச் சாவடியிலும் கேட்க மாட்டார்கள். ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து 20 வளைவு, வால்பாறைக்கு ஆழியாறிலிருந்து 40, கொல்லிமலைக்கு 70. இவற்றில் எதற்காவது போகத் திட்டமிட்டிருந்தால், அதற்கு முந்தைய வாரம் சர்வீஸ் புத்தகத்தை எடுத்து, பிரேக் ஆயில் கடைசியாக மாற்றிய தேதியைத் தேடுங்கள். தேதி இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிவிட்டுப் புறப்படுங்கள்.